ஹை-பவர், பி7, 5906: உலோக பிஸ்டல்களின் உற்பத்தி ஏன் ஒவ்வொன்றாக நிற்கிறது?

#1 வெண்கல_ஊசி

பிரௌனிங் ஹை-பவர் 1935-இல் பெல்ஜியப் படையில் சேர்ந்தது. 2018 தொடக்கத்தில் பிரௌனிங் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஹெக்லர் அண்ட் கோக் பி7 அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2008-இல், முடிந்துபோனது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 5906, 4506 போன்ற மூன்றாம் தலைமுறை எஃகு பிஸ்டல்கள் மாடல் மாடலாக உதிர்ந்தன. ரூகர் தன் பி வரிசையை 2013-இல் மூடியது. சுவிட்சர்லாந்தில் பிறந்த சிக் பி210-ஐ இன்று புதிதாக வாங்கினால் அது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் செய்தது. நடுவில் அதைச் செய்துவந்த ஜெர்மனியின் எக்கர்ன்ஃபோர்ட தொழிற்சாலை 2020-ஓடு மூடப்பட்டது.

கேட்டால் "வாங்குபவர் ரசனை பாலிமர் (பிளாஸ்டிக்) பக்கம் மாறிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ரசனை மாறியது நிஜம்தான். ஆனால் பெரெட்டா 92 வருகிறது, சிஇசட் 75 குடும்பம் வருகிறது, 1911-ஐ யாராலும் நிறுத்த முடியவில்லை. இவையும் உலோகம்தானே? என் கணிப்பு இது: நடு விலையில், ஆள் உட்கார்ந்து கையால் பொருத்தி, போலீஸ்காரர் இடுப்புக்கென்று செய்த உலோக பிஸ்டல்தான் சாகிறது. மற்ற உலோகமெல்லாம் வேறு விலைக்கு, வேறு ஆளுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கையில் வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாக விஷயமும் இங்கேயே பேசலாம்.

#2 கோவை_லேத்து

ரசனைக் கதை அப்புறம். மெஷின் ஷாப் கணக்கிலேயே பாதி பதில் இருக்கு.

பழைய ஹை-பவரின் ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த கீழுடம்பு) ஃபோர்ஜிங்காக வரும், அதாவது பழுக்கக் காய்ச்சிய எஃகை டையில் வைத்து அடித்த துண்டு. அதில் வெளிவடிவம் மட்டும்தான் கிடைக்கும். முதலில் மேகசின் (தோட்டாப் பெட்டி) இறங்கும் குழியைக் குடையணும். இரண்டு வரிசைத் தோட்டா இறங்குகிற அகலம், கைப்பிடி நீளத்துக்கு ஆழம். ட்ரில் போட்டுத் திறந்து, பிறகு புரோச் (பல் வைத்த வெட்டுக் கம்பி) இழுத்துத்தான் சுவர் நேராகும். அடுத்தது ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் போகும் மேலுடம்பு) ஓடுகிற ரெயில். இடதும் வலதும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கணும். பேரலை (குழலை) கீழே இழுக்கிற கேம் துண்டு உட்காரும் இடமும் ஸ்லைடு ஸ்டாப் ஓட்டையும் அந்த ரெயிலிலிருந்து சரியான உயரத்தில் இருந்தால்தான் பேரல் ஸ்லைடோடு பூட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் துண்டைக் கழற்றித் திருப்பிப் பிடிக்கணும். திருப்பும்போதெல்லாம் பிழை கொஞ்சம் கூடும். ஹீட் ட்ரீட்மென்ட் போய் வந்தால் துண்டு முறுக்கிக்கும். கடைசியில் ஃபிட்டர் ஒருத்தர் உட்கார்ந்து ஸ்லைடையும் ஃபிரேமையும் தேய்ச்சுச் சேர்க்கணும். சம்பளம் பெல்ஜியச் சம்பளம். பிற்காலத்து ஹை-பவர்களைப் பாகம் பெல்ஜியத்தில் செய்து, போர்ச்சுகலில் கோத்தாங்க. துப்பாக்கியிலேயே அப்படிப் பொறிச்சிருக்கும்.

இப்ப கிளாக் ஃபிரேமைப் பாருங்க. ஸ்லைடைத் தாங்குவது நாலே நாலு குட்டி எஃகு நாக்குகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அந்த எஃகுத் துண்டுகளை மோல்டுக்குள் வைத்து, நைலான் வகை பாலிமரை உருக்கிச் செலுத்தினா ஃபிரேம் முழுசா வெளியே வந்து விழும். மேகசின் குழி, கைப்பிடிச் சொரசொரப்பு, ட்ரிகர் கார்டு எல்லாம் அந்த ஒரே ஓட்டத்தில் முடிஞ்சுபோகும். ஃபிரேம் முழுக்க நீளும் ரெயில் நேரா இருக்கணுமே என்ற தலைவலி கிடையாது. நாலு நாக்கும் ஒரே தளத்தில் நின்றால் போதும்.

முன்பணம்தான் அடிக்கும். மோல்டு விலை பெரிசு. கைப்பிடி அளவை மாத்தணும்னா புது மோல்டு. லட்சக்கணக்கில் விற்கிறவனுக்கு அந்தச் செலவு தலைக்குச் சில்லறையா வந்துடும். சில ஆயிரம் மட்டும் விற்கிறவன் சிஎன்சியில் (கணினி ஓட்டும் மெஷினில்) அலுமினியத்தையோ எஃகையோ வெட்டுறதே மேல், புரோகிராமை மாத்தினா போதும். அதனால பெரிய கம்பெனி உலோகத்தைக் கைவிடுற அதே காலத்தில் சின்னக் கம்பெனிகள் உலோகத்துக்கு வர்றாங்க. இரண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

#3 சிவப்புப்புள்ளி

கோவை அண்ணன் சொன்னது செய்பவன் பக்கம். வாங்குகிறவன் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்க.

அமெரிக்காதான் இந்தச் சந்தையின் எஜமான். அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துப்போக அனுமதிச் சீட்டே வேண்டாம். அப்ப நாள் முழுக்க இடுப்பில் கிடக்கிற பொருளின் எடைதான் முதல் கேள்வி. ஹை-பவர் சுமார் 1 கிலோ, கொள்ளளவு 13. கிளாக் 19 மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம், கொள்ளளவு 15. 2018 ஜனவரியில் வந்த சிக் பி365 சுமார் 500 கிராம், உள்ளங்கையில் அடங்குற அளவில் 10 ரவுண்டு. அது வந்த பிறகு இரும்பில் செய்த "கம்பாக்ட்" எதையும் காட்டி விற்க முடியவில்லை.

இரண்டாவது ரெட் டாட், அதாவது குறிக்குச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி (ஆப்டிக்). இன்று கடையில் நுழைபவர் முதலில் கேட்பது அதை மாட்ட ஸ்லைடில் பள்ளம் (ஆப்டிக் கட்) இருக்கா என்பதுதான். பழைய டிசைன்களில் அதற்கு இடமே வைக்கவில்லை. பெரெட்டா 92-இல் ஸ்லைடின் முன்பாதி திறந்தே கிடக்கும். மிச்சம் இருக்கிற பின்பாதியில், ட்ரிகரை இழுக்கும்போது ஃபயரிங் பின் பிளாக் (தோட்டாவை அடிக்கும் ஊசியைத் தடுத்து நிற்கும் துண்டு) மேல்பக்கம் எட்டிப்பார்க்கும். தட்டு திருக வேண்டிய இடமும் அதுதான். அதைச் சுற்றி வேலை செய்துதான் பெரெட்டா 92எக்ஸின் ஆப்டிக் வடிவத்தைக் கொண்டுவந்தது. சிஇசட் 75-இல் ஸ்லைடு ஃபிரேமுக்கு உள்பக்கமாக ஓடுவதால் ஸ்லைடே ஒல்லி. ஹை-பவர் ஸ்லைடும் மெலிசு. எஃகை ஆழமாகக் குடைந்தால் ஃபயரிங் பின் வழியைத் தொட்டுவிடும்.

மூன்றாவது விளக்கு மாட்டும் ரெயில். ஹை-பவருக்கு அது கிடையாது. உறை செய்பவர்கள் கிளாக்குக்கு நூறு வகை போடுவார்கள், ஹை-பவருக்கு ரெண்டு மூணு. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டு உறைக்கு அலையணுமா?

#4 ஈட்டிமுனை

தம்பி சிவப்புப்புள்ளி, நீங்க சொல்றது எல்லாம் கடைசிப் பத்து வருஷக் கதை. இந்த உலோக பிஸ்டல்களின் கணக்கு தீர்ந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி. தீர்த்தவரும் கடையில் நுழைகிற வாடிக்கையாளர் இல்லை, காவல்துறைக் கொள்முதல் அதிகாரி.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ எடுத்தது. 80-களின் கடைசியிலும் 90-களிலும் அமெரிக்கப் போலீஸ் ரிவால்வரை விட்டு வெளியே வந்தது. அங்கே கிளாக் செய்த வேலை எளிமையானது: பழைய ரிவால்வரை வாங்கிக்கொண்டு புது பிஸ்டலைக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. பயிற்சி கொடுப்பவருக்கும் அது வசதி. ஹேமர் (பின்னாலிருந்து அடிக்கும் சுத்தி) வெச்ச டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் முதல் இழுப்பு நீளமா, கனமா வரும். இரண்டாவது குண்டிலிருந்து குட்டையா, லேசா மாறும். புது ஆளுக்கு முதல் குண்டு கீழே போகும், இரண்டாவது எங்கேயோ போகும். சுட்ட பிறகு டீகாக்கர் (ஹேமரைச் சுடாமல் இறக்கும் நெம்புகோல்) அழுத்த மறந்து உறையில் போடுற ஆபத்து வேறு. கிளாக்கில் ஹேமருக்குப் பதில் உள்ளே ஸ்பிரிங் தள்ளும் ஊசி, பேர் ஸ்ட்ரைக்கர். அதில் எல்லா இழுப்பும் ஒரே மாதிரி. இருநூறு பேரை ஒரு வாரத்தில் தேத்தணும்னா எதை எடுப்பீங்க?

ராணுவமும் அதே வழிதான். 1985-இல் பெரெட்டாவை எம்9 என்று எடுத்த அமெரிக்கா, 2017 ஜனவரியில் சிக் பி320-க்கு மாறியது, 58 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தம். பிரிட்டன் 2013-இல் ஹை-பவரை இறக்கிவிட்டு கிளாக் 17 எடுத்தது. பெரிய ஒப்பந்தம் போன பிறகு கடை விற்பனையை மட்டும் வைத்து அந்தப் பழைய மெஷின்களை ஓட்ட முடியாது.

இதுக்காக ஸ்ட்ரைக்கர் என்றாலே குறையில்லாதது என்று நினைக்க வேண்டாம். பி320-யையே கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற பிரச்சினையால் 2017 ஆகஸ்டில் சிக் இலவசமாக மாற்றித்தர வேண்டியிருந்தது.

#5 வெண்கல_ஊசி

ஈட்டிமுனை அண்ணே, ஒப்பந்தம் போனது காரணம் என்றால் பெரெட்டா 92-உம் போயிருக்கணுமே? எம்9 ஒப்பந்தம் முடிந்தும் அவர்கள் நிறுத்தவில்லையே.

#6 ஈட்டிமுனை

நல்ல கேள்வி. அமெரிக்க ஒப்பந்தம் முப்பது வருஷம் ஓடியதால் 92-க்கு மேகசின், ஸ்பிரிங், உறை, பாகம் எல்லாம் மலைபோலக் குவிந்து கிடக்கு. பெரெட்டாவும் சும்மா இருக்கலை, 2019-இல் 92எக்ஸ் கொண்டுவந்தது. ஹை-பவரில் அதைச் செய்த பெல்ஜியக் கம்பெனி எஃப்என் கடைசிப் பெரிய மாற்றம் செய்தது மார்க் III, அது 80-களின் கடைசி. அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஏறக்குறைய அதே பொருள், விலை மட்டும் ஏறிக்கொண்டே போச்சு.

பி7 விஷயம் வேறு. அதை நிறுத்தியதுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, செய்வதே அவ்வளவு சிக்கல். பேரல் அசையாமல் ஃபிரேமிலேயே நிற்கும். பேரலுக்கு அடியில் சிலிண்டர். குண்டு போகும்போது கொஞ்சம் வாயு அதில் இறங்கி, ஸ்லைடோடு சேர்ந்த பிஸ்டனைத் தள்ளி, ஸ்லைடு பின்னால் வருவதைத் தாமதப்படுத்தும். கைப்பிடியின் முன்பக்கத்தை அமுக்கினால்தான் காக் ஆகும், விட்டால் இறங்கிவிடும். அற்புதமான டிசைன். ஆனா நூறு ரவுண்டு வேகமா சுட்டா ட்ரிகருக்கு மேலே விரல் வைக்க முடியாது, வாயுச் சூடு அங்கேதான் சேரும். பி7எம்8-இல் அதுக்காகவே பிளாஸ்டிக் தடுப்பு வைத்தாங்க. ஜாக்கெட் இல்லாத ஈயக் குண்டு போடவே கூடாது, வாயு ஓட்டையை அடைச்சிடும். சிலிண்டரைச் சுரண்டுவதுக்கென்றே தனி கருவி கொடுத்தாங்க. இதை ஐந்நூறு டாலர் பிளாஸ்டிக் பிஸ்டலோடு போட்டிக்கு விடுங்க பார்ப்போம்.

#7 புதுசு_22

நம்ம ஊர் போலீஸ், ராணுவம் வைத்திருக்கிற 9 மி.மீ. பிஸ்டலும் இந்த ஹை-பவர்தானா? நம்மாட்கள் வாங்க முடியுமா?

#8 டொராண்டோகாரன்

ஆமாம் தம்பி. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்யும் 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' ஹை-பவரின் நகல், அதுவும் கனடா வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியம் ஜெர்மனி கையில் இருந்தபோது, டொராண்டோவில் ஜான் இங்லிஸ் கம்பெனி ஒன்றரை லட்சம் அளவில் ஹை-பவர் செய்தது. சீனப் படைக்கென்று செய்ததில் தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் பின் சைட்டும், தோளில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை மாட்ட பின்பக்கம் ஒரு பள்ளமும் இருக்கும். நேச நாட்டுப் படைகளுக்குப் போனதில் சாதா சைட். கனடியப் படை அந்தப் போர்க்காலப் பிஸ்டல்களை 2020-களில்தான் பி320 வகையைச் சேர்ந்த சி22-ஆல் மாற்றியிருக்கிறது.

இன்னொன்று: ஜான் பிரௌனிங் 1926-இல் இறந்த பிறகு ஹை-பவரை முடித்துக் கொடுத்த டியூடோனே சைவ்தான் பின்னாளில் எஃப்ஏஎல் ரைஃபிளையும் வடிவமைத்தார். நம்மூரில் எல்லாரும் பார்த்திருக்கும் எஸ்எல்ஆர் அதன் இந்திய வடிவம். அதுவும் இஷாப்பூர்தான்.

இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட குழல் அளவு (prohibited bore), பொதுமக்களுக்குக் கிடையாது. லைசென்ஸ் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் .32 தான். கனடாவிலும் 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனை, கைமாற்றம் பொதுமக்களுக்கு உறைந்துவிட்டது. சிறு விதிவிலக்கு தவிர, ஏற்கனவே வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. தயாரிப்பாளர் ரசனையை மட்டுமா பார்ப்பார்? சந்தையே இப்படிச் சுருங்குவதையும் பார்ப்பார்.

#9 பத்துமீட்டர்

வெண்கல_ஊசி சொன்ன "இடம் மாறுது" என்பதுக்கு ஆதாரம் ஐபிஎஸ்சி (கைத்துப்பாக்கிப் பந்தயம்) மைதானத்தில் இருக்கு. 2016-இல் வந்த சிஇசட் ஷேடோ 2 முழுக்க எஃகு, 1.3 கிலோ அளவு. இடுப்பில் சுமக்க நினைத்தால் பைத்தியக்காரத்தனம். ஆனா அந்த எடை முன்பக்கமா இருக்கிறதால மூக்கு எழும்பாது, அடுத்த குண்டுக்கு சைட் உடனே திரும்பி வரும். புரொடக்‌ஷன் பிரிவில் எங்கே பார்த்தாலும் அதுதான். வால்தர் க்யூ5 மேட்ச் ஸ்டீல் ஃபிரேம் 2019-இல் வந்தது, பாலிமராய்ப் பிறந்த பிஸ்டலுக்கு எஃகு உடம்பு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் பாலிமர் பிஸ்டல் எம்&பி-க்கு 2022-இல் அலுமினிய ஃபிரேம் போட்டது. 5906-ஐக் கைவிட்ட அதே கம்பெனி!

பாலிமர் என்பதாலும் ஆயுள் உறுதி இல்லை. வால்தர் பி99 பாலிமர் ஃபிரேம், ஸ்ட்ரைக்கர், 90-களில் வந்தது. 2023-இல் அதையும் 'ஃபைனல் எடிஷன்' போட்டு முடிச்சாங்க. டிசைன் பழசானா எந்தப் பொருளில் செய்தாலும் வெட்டுதான்.

#10 சிவப்புப்புள்ளி

அதைத்தானே நானும் சொல்றேன்! உலோகம் இப்ப பந்தயத்துக்கும் சேகரிப்புக்கும். தினசரிக்கு இல்லை.

#11 ஈட்டிமுனை

பாதி ஒத்துக்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும்: அந்த எம்&பி மெட்டல், க்யூ5 எல்லாம் உள்ளே ஸ்ட்ரைக்கர்தான். வெளியே போனது உலோகமா, ஹேமரா என்று பிரிச்சுப் பார்க்கணும். ஹேமர், சீயர் (ஹேமரைப் பிடித்து வைக்கும் கொக்கி), டிஸ்கனெக்டர், டீகாக்கர் என்று பாகம் கூடக் கூட ஃபிட்டர் வேலை கூடும். ஃபிரேமை விட அந்தக் கூட்டத்தைத்தான் கம்பெனிகள் தவிர்க்கிறாங்கன்னு தோணுது.

#12 கோவை_லேத்து

ஈட்டிமுனை ஐயா சொன்னது சரி. அதனாலதான் ஹேமர், சீயர் எல்லாம் எம்ஐஎம்முக்குப் போச்சு: உலோகப் பொடியைப் பிசினோடு கலந்து அச்சில் செலுத்தி, பிறகு சூட்டில் இறுக்குறது. இறுகும்போது துண்டு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், அதைக் கணக்குப் பண்ணித்தான் அச்சு. சீயருக்கு இது நல்லாவே போதும், ஒழுங்கா செய்தா. எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை இழுக்கும் கொக்கி) மாதிரி வளைஞ்சு நிமிரணும்னா எனக்கு எம்ஐஎம் பிடிக்காது, பார் ஸ்டாக்கில் வெட்டியதே நல்லது.

"காஸ்டிங் என்றால் மட்டம்" என்று இதே இழையில் யாராவது வருவாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். 90-களில் ஹை-பவரை 9 மி.மீ.-ஐ விடப் பலமான .40 தோட்டாவுக்குக் கொண்டுவந்தப்ப ஃபோர்ஜ் ஃபிரேம் தாக்குப்பிடிக்கலை. எஃப்என் காஸ்ட் ஃபிரேமுக்கு மாறினதே அது உறுதியா இருந்ததால. 9 மி.மீ.க்கும் பிறகு அதையே போட்டாங்க.

#13 வெண்கல_ஊசி

இப்ப வேலை விஷயம். உற்பத்தி நின்ற பிஸ்டலை வைத்திருப்பவர், அல்லது பழசு வாங்கப் போகிறவர், எதைப் பார்க்கணும்? ஹை-பவரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

#14 ஈட்டிமுனை

வாங்கும் முன் பார்க்க வேண்டியது, இதே வரிசையில்:

மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்து, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்க. பிறகு மேகசின் இல்லாமலே ட்ரிகரை இழுங்க. ஹேமர் விழக்கூடாது. விழுந்தால் மேகசின் டிஸ்கனெக்டை (மேகசின் இல்லாதபோது சுடவிடாத பூட்டை) யாரோ கழற்றியிருக்காங்க. நிறையப் பேர் கழற்றுவாங்க, ஏன்னா அதன் குட்டி பிளஞ்சர் (அழுத்தும் கம்பி) மேகசின் முகத்தில் உரசித்தான் ஹை-பவர் ட்ரிகர் மணல் போட்ட மாதிரி இழுக்கும். அதனால வாங்காமல் விட வேண்டாம். ஆனா உள்ளே வேறு என்னென்ன கை வெச்சாங்கன்னு சந்தேகப்படுங்க.

அடுத்து ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேஃப்டியை முன்பள்ளத்தில் ஏற்றி நிறுத்தி, ஸ்லைடு ஸ்டாப்பை வலதுபக்கமிருந்து தள்ளி வெளியே எடுங்க. சேஃப்டியை இறக்கினால் ஸ்லைடு முன்னால் வந்துடும். பேரலின் மேல் இரண்டு லக் (பூட்டும் மேடு) இருக்கும். அதன் விளிம்பு கூர்மையா இருக்கணும். உருண்டையாய்த் தேய்ந்திருந்தாலோ, ஸ்லைடுக்குள் அந்த லக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் எஃகு பிதுங்கியிருந்தாலோ, ஸ்பிரிங் செத்த நிலையில் ரொம்ப நாள் சுட்டிருக்காங்க. விலையைக் குறைக்கச் சொல்லாதீங்க, விட்டுட்டு வாங்க.

ஃபிரேமில் கேம் துண்டைச் சுற்றியும் ஸ்லைடு ஸ்டாப் ஓட்டையைச் சுற்றியும் எண்ணெயைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பாருங்க. தலைமுடி மாதிரி கோடு இருந்தால் அது விரிசல்.

பழைய பேரலில் தோட்டா ஏறும் சரிவு நடுவில் மேடு தட்டி இருக்கும், ராணுவ உருண்டைத் தலைக் குண்டுக்கென்று செய்தது. ஹாலோ பாயின்ட் (தலையில் குழிவிட்ட குண்டு) அதில் மூக்கு முட்டி நிற்கும். பிற்காலத்துப் பேரலில் சரிவு நேராயிடுச்சு. 1962-க்கு முந்தியதில் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்கு உள்ளே இருக்கும். அதற்குப் பிந்தியதில் வெளியே தெரியும். உதிரி வாங்கும்போது இதைச் சொல்லாமல் வாங்கினால் தப்பான பாகம்தான் வரும்.

வாங்கி வைக்க வேண்டியது: 17 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திருப்பித் தள்ளுவது) மூன்று, ஃபயரிங் பின் ஒன்று அதன் ஸ்பிரிங்கோடு, உங்க வடிவத்துக்கான எக்ஸ்ட்ராக்டர் ஒன்று அதன் ஸ்பிரிங்கோடு, ஸ்லைடு ஸ்டாப் ஒன்று, ஸ்லைடுக்குள் இருக்கும் சீயர் லீவரும் அதன் பின்னும், ட்ரிகர் ஸ்பிரிங். காலி பிஸ்டலில் டிக் டிக் என்று பழகினால் ஃபயரிங் பின் உடையும். ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போட்டுப் பழகுங்க. 18.5 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் ஃபிரேம் தப்பிக்கும் என்று சிலர் சொல்வாங்க. சாதா தோட்டாவில் அது ஸ்லைடை முழுசாப் பின்னால் வர விடாமல் கூடு சிக்கலாம். 17-ஐ நேரத்துக்கு மாத்துங்க, +பி (அழுத்தம் கூடிய தோட்டா) போடாதீங்க.

#15 பத்துமீட்டர்

பெரெட்டா 92, சிக் பி226 இரண்டுக்கும் சேர்த்துக்கொள்ளுங்க.

92-இல் 13 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங், 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை புதுசு. அதன் பலவீனம் லாக்கிங் பிளாக். பேரலுக்கு அடியில் தொங்குகிற துண்டு, இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். காது உடம்போடு சேரும் உள்மூலையில்தான் விரிசல் விடும். புதிய தலைமுறை பிளாக்கில் அந்த மூலையை வளைவாக்கி அழுத்தத்தைப் பிரிச்சிருக்காங்க. உடைந்தால் ஸ்லைடு பாதியில் சிக்கி, முன்னும் போகாது பின்னும் வராது. ஒவ்வொரு சுத்தம் செய்யும்போதும் நகத்தால் தடவிப் பாருங்க. பழைய 92-இல் ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் உடையும். உடைந்தால் ட்ரிகர் முன்னால் திரும்பாது. அது சில்லறைக் காசு, இரண்டு வாங்கி வையுங்க.

பி226-இல் முதலில் எந்தக் காலத்து ஸ்லைடு என்று பாருங்க. பழைய ஜெர்மன் ஸ்லைடு தகட்டை மடித்துச் செய்தது. பிரீச் பிளாக் தனித் துண்டாக உள்ளே உட்கார்ந்து ரோல் பின் (சுருட்டிய ஆணி) பிடிப்பில் நிற்கும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஆணி. அதை அடித்து வெளியே எடுத்தால் திரும்ப அதையே போடக்கூடாது, புதுசுதான். பின்னால் வந்த துருப்பிடிக்காத எஃகு ஸ்லைடு ஒரே துண்டில் வெட்டியது, அதுக்கு இந்தக் கவலை இல்லை. அந்த வகை முதலில் பி229-இல்தான் வந்தது, .40-ஐத் தகட்டு ஸ்லைடு தாங்காது என்பதால்.

ஃபிரேம் அலுமினியம். ரெயிலில் கறுப்புப் பூச்சு ஆங்காங்கே தேய்ந்து வெள்ளை தெரியும், பயப்பட வேண்டாம், வழக்கம்தான். நகம் தட்டுகிற படி உருவாகியிருந்தால்தான் கவலை. அலுமினிய ரெயிலுக்கு மெல்லிய எண்ணெய் போதாது, கிரீஸ் பூசுங்க. எண்ணெய் வழிந்து போயிடும், எஃகு ஸ்லைடு அலுமினியத்தை அரைக்கும்.

#16 புதுசு_22

ஹை-பவருக்கு இப்ப நகல் வருதாமே? அதன் பாகம் பழசுக்குப் பொருந்துமா?

#17 டொராண்டோகாரன்

பெயரை நம்பி வாங்கக் கூடாத இடம் இது.

ஸ்பிரிங்ஃபீல்டின் எஸ்ஏ-35, 2021 அக்டோபரில் 699 டாலருக்கு வந்தது. பெரும்பாலான பாகம் பழைய ஹை-பவரோடு மாற்றிப் போடலாம். மேகசின் டிஸ்கனெக்டை எடுத்துவிட்டார்கள், கையைக் கடிக்கும் ஹேமரையும் மாற்றியிருக்கிறார்கள். துருக்கியின் கிர்சான் பி35-உம் ஏறக்குறைய அதே வழி. ஆனால் எஃப்என் தானே 2022 ஜனவரியில் 'ஹை பவர்' என்று காட்டியது புது டிசைன், 17 ரவுண்டு. பழைய மேகசினோ பாகமோ போகாது. சொந்தக் கம்பெனியின் பொருள் பொருந்தாது, அடுத்தவன் நகல் பொருந்தும்!

பழைய நகல்களில் ஹங்கேரியின் ஃபெக் பெரிய குழப்பம். பிஜேகே-9எச்பி என்பது ஹை-பவர் நகல், பாகம் பொருந்தும். பி9ஆர் என்பது வெளியே அதே முகம், உள்ளே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59 மாதிரியான டபுள் ஆக்‌ஷன், ஒன்றும் பொருந்தாது. பல்கேரியாவின் ஆர்கஸ் 94-க்கு மேகசின் மட்டும் பொதுவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் எஃப்எம் செய்தது உரிமம் வாங்கிச் செய்தது, பாகத்துக்கு நம்பலாம்.

இதே மாதிரி டாரஸ் பிடி92-ஐ பெரெட்டா 92 என்று நினைத்துப் பாகம் வாங்காதீர்கள். பிரேசிலில் பெரெட்டா விட்டுச்சென்ற தொழிற்சாலையில் பிறந்ததுதான், ஆனால் சேஃப்டி ஸ்லைடில் இல்லாமல் ஃபிரேமில் இருக்கும், மேகசின் பூட்டும் வெட்டும் வேறு.

#18 சிவப்புப்புள்ளி

பைதான் ரிவால்வர் கதையும் இப்படித்தானே? கோல்ட் 2005-இல் நிறுத்தி, 2020 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தது. உள்ளே பாகங்களைக் குறைத்து, கையால் கல் போட்டுத் தேய்க்கும் வேலையைத் தவிர்த்து, சிஎன்சிக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். பழைய பைதானுக்கு அந்தப் பாகம் உதவாது. இந்த மறுபிறவி எல்லாமே கோவை அண்ணன் #2-இல் சொன்ன கணக்குக்குள்தான் வருது.

#19 வெண்கல_ஊசி

ஆமாம். 1911 மட்டும் ஏன் சாகவில்லை என்பதும் இதோடு ஒட்டியதே. அதன் அளவுகள் ராணுவ வரைபடமாக ஊரெங்கும் கிடக்கு. காப்புரிமை எப்போதோ தீர்ந்தது. ஒருவன் நிறுத்தினால் பத்துப் பேர் செய்வார்கள். பி7-ஐ ஹெக்லர் அண்ட் கோக் நிறுத்திய பிறகு மேகசின் விலை ஏற ஆரம்பித்தது, செய்ய வேறு ஆள் அரிது. வாங்கும் முன் துப்பாக்கி விலையைப் பார்ப்பதை விட, வேறு கம்பெனி அதற்கு மேகசின் செய்கிறதா என்று பாருங்கள். இத்தாலியின் மெக்-கார் செய்தால் நிம்மதி.

#20 புதுசு_22

மெக்-கார் 15 ரவுண்டு மேகசின் பழைய மார்க் III-க்கும் போகுமா, எஸ்ஏ-35-க்கு மட்டுமா?

#21 ஈட்டிமுனை

இரண்டுக்கும் போகும் தம்பி. டிஸ்கனெக்ட் இருக்கிற பிஸ்டலில் மேகசினின் முன்முகம் வழவழப்பா இருக்கா என்று மட்டும் பாருங்க, பிளஞ்சர் அங்கேதான் உரசும். வாங்கினதும் முழுசா நிரப்பி, காலி சேம்பரோடு மாட்டி, பட்டனை அழுத்தினால் தானே விழுதா, கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிக்குதா என்று மைதானத்தில் ஒவ்வொன்றையும் சோதிச்சு, அடியில் எண் போட்டு வையுங்க. தகராறு வந்தா எந்த மேகசின் என்று அப்பத்தான் தெரியும்.